மூன்று எம்.எம். வெட்கம்

எங்கள் வீட்டு நாய்க்கு முடி வெட்டினால் எங்கள் வீதிக்கே வெட்கம் வந்துவிடும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். உடுமலைப்பேட்டை செந்தூர் கார்டன் நாலாவது வீதியில் குடியிருக்கிற ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், அவர்கள் அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு அதற்குத் தக்கபடி விருந்தாளியைக் கூப்பிடுவார்கள், மாமியாரை ஊருக்கு அனுப்புவார்கள், பெண்டாட்டியோடு போட வேண்டிய சண்டையைக்கூட நாலு நாள் தள்ளிப் போடுவார்கள்.

நாயின் பெயர் ஜாங்கிரி. பூடில் ஜாதி. நிறமும் அதுதான், சுருளும் அதுதான் என்று என் மகள் நிரஞ்சனா வைத்த பெயர். பெங்களூரில் படிக்கப் போனவள் ஒரு லீவில் அதைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள், ஒரு மாசம் வைத்திரு அம்மா என்றாள், அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். நான் கோகிலவாணி, ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் இருபது வருடமாக இருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை நிமிடம் தாமதம், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று எழுதுவது என் வேலை. நாளை எண்ணுவதில் என்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு அப்போதெல்லாம் பெருமை உண்டு. இப்போது இல்லை.

சுருட்டை முடி நாய்க்கு முடி உதிராது, வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டாமல் விட்டால் தனக்குள் தானே பின்னிக்கொண்டு சிக்காகும். கண்ணை மறைக்கிற முடியை மட்டும் தையல் கத்தரியால் நானே வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா இறந்து ஒரு மாதம் கழித்துத்தான் அதை முதன்முறையாகக் கோயமுத்தூரில் ஏசி போட்ட ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே சுவரில் ஒரு அட்டை தொங்கியது, இருபத்தைந்து எம்.எம். முடி வைத்தால் பொம்மைக் கரடி, பத்தொன்பது வைத்தால் ஆட்டுக்குட்டி, பதின்மூன்று, ஆறு, மூன்று என்று கீழே போகப் போகப் படத்தில் இருக்கிற நாய் சிறுத்துக்கொண்டே வந்தது. சித்திரை வெயில் என்பதால் பதின்மூன்று என்றேன். ரிச்சர்ட் என்கிற பையன் மிஷினில் சீப்பை மாட்டி முக்கால் மணி நேரத்தில் வெட்டி முடித்தான், காதுக்குப் பின்னால் பவுடர் போட்டான், கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் ஜாங்கிரி, முடி இழந்த எந்த நாயும் செய்கிற மாதிரி, கட்டிலுக்கு அடியில் போய் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தது. அதற்கு வெட்கம். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் இரண்டு காதும் சுட்டன, அடுப்புப் பக்கம் ரொம்ப நேரம் நின்ற மாதிரி. அந்தச் சூடு ஜன்னல் வழியாக வெளியே போய், காம்பவுண்டைத் தாண்டி, வீதியில் இறங்கி, வீடு வீடாக ஏறியது.

எதிர்வீட்டு சுலோச்சனா அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார், காதைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தார். “கண்ணு, உங்க செம்பருத்தியத் தெனமும் மாடு தின்னுட்டுப் போகுதுன்னு சொன்னீல்ல, மாடில்ல கண்ணு, நாந்தான். எங்கூட்டுச் சாமிக்கு வெடியக்காலம் வந்து பறிச்சுட்டுப் போறன்” என்று சொல்லிவிட்டு நான் பதில் சொல்வதற்குள் ஓடிப்போனார். இஸ்திரி போடுகிற வெள்ளைச்சாமி, நலச்சங்கச் செயலாளர் கனகசபாபதியின் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கல்யாணத்துக்குப் போய் வந்ததை அவரிடமே போய்ச் சொன்னான். கோபப்பட வேண்டிய கனகசபாபதி, “அத உடுப்பா, நானே எங்கூட்டுச் சாக்கடைய அந்தத் திருப்பூர்க்காரரோட காலி சைட்டுக்குள்ள திருப்பி வெச்சிருக்கறன், அவுரு வந்து பார்த்துப்போட்டு ஊத்துன்னு நெனச்சுக் கும்புட்டுட்டுப் போனாரு” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்கும் வந்தது. மில்லில் வேலுமணி என்கிற தொழிலாளி விசிலடித்துக்கொண்டே கார்டு போடுவது பிடிக்காமல் ஒரு வருடமாக அவனுக்கு நாலு நிமிடம் தாமதம் கூட்டி எழுதியிருந்தேன். மறுநாள் அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் பாவம், எனக்காக வெட்கப்பட்டான்.

முடி ஒரு எள்ளளவு வளரும் வரை, அதாவது மூன்று நாள், அது இருந்தது. நாலாம் நாள் ஜாங்கிரி கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து சோம்பல் முறித்துத் தட்டை நக்கியது, வீதியும் தலை நிமிர்ந்து நடந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கிறோம், மேகத்தை நிறுத்தி விசாரிக்கிறோமா? கனகசபாபதி நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அடுத்தடுத்து ஜாங்கிரிக்கு முடி வெட்டியபோதெல்லாம் அவர் அளவைச் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு, காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வீதியில் நடந்து, வெட்கம் எதுவரை போகிறது என்று அளந்து நோட்டில் எழுதினார். இருபத்தைந்து எம்.எம். வெட்டினால் எங்கள் காம்பவுண்டு வரை, அதுவும் விருந்தாளிக்குப் பழைய சட்னி ஊற்றியது போன்ற சில்லறை வெட்கம். பத்தொன்பது என்றால் நாலு வீடு. பதின்மூன்று என்றால் ரேஷன் கடை வரை. அதற்குக் கீழே அவர் எழுதவில்லை, ஒரு கோடு போட்டு நிறுத்திவிட்டார்.

நலச்சங்கம் கூடியது. வருடத்துக்கு இரண்டு முறை பதின்மூன்று வெட்டிக்கொள்ளலாம், வெட்டுவதற்கு ஏழு நாள் முன்னால் போர்டில் எழுதிப் போட வேண்டும், மற்ற சமயங்களில் இருபத்தைந்துக்குக் குறையக் கூடாது, பதின்மூன்றுக்குக் கீழே போவதென்றால் பொதுக்குழுவின் அனுமதி வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் தடவை போர்டில் எழுதியதும் பாதி வீதி கொடைக்கானலுக்கு ரூம் போட்டது. ஆனால் இவர்கள் ஏன் ஊரைவிட்டு ஓடுகிறார்கள், அப்படி என்னத்தைச் செய்தார்கள் என்று மீதி வீதி பேசத் தொடங்கியதும் போனவர்கள் எல்லாம் பாதி வழியில் திரும்பி வந்து, வீட்டு வாசலில் தெரிகிற மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் ஊருக்குப் போவதில்லை. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையை அந்த மூன்று நாளில் ஒரு நாள் காபி சாப்பிட வரச்சொன்னார்கள், சில மாப்பிள்ளைகள் காபி குடித்தார்கள், சிலர் ரேஷன் கடை முக்கிலேயே வண்டியைத் திருப்பினார்கள். சீட்டுக் கம்பெனி ஆள், ஜோசியக்காரர், தண்ணி கலக்கிற பால்காரர் மூவரும் எங்கள் வீதிக்கு வருவதை விட்டார்கள். பக்கத்து வீதிக்காரர்கள் பொறாமைப்பட்டு அவர்களும் ஒரு சுருட்டை நாய் வாங்கி மொட்டையடித்துப் பார்த்தார்கள், அந்த நாய்க்கு வெட்கமே இல்லை, குளிரில் நடுங்கியதோடு சரி.

கஷ்டப்பட்டது நான். முடி வெட்டுகிறவர்களுக்குத்தான் முதல் அடி. ரிச்சர்ட் அன்றைக்கு ராத்திரியே போன் செய்து, தான் இந்த வேலையை மொபைலில் வீடியோ பார்த்து மூன்று நாளில் கற்றுக்கொண்டதாகவும், ஒரு பொமரேனியனின் வால் நுனியைக் கீறிவிட்டுப் பவுடர் போட்டு மறைத்ததாகவும் அழுதான். மறுமுறை கேட்டபோது பொங்கல் வரை இடமில்லை என்றார்கள், அப்போது ஆனி மாசம். பல்லடத்தில் ஒருவர் பாதி உடம்பை வெட்டிவிட்டு மிஷினை அணைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் வேனில் வந்து வெட்டுகிற ஷபானாவைப் பிடித்தேன். அவள் அசரவில்லை. நாலு முறை வந்து வெட்டினாள், காது சிவக்கச் சிவக்க வெட்டினாள். உனக்கு எப்படிம்மா தாங்குது என்றேன். “எனக்கு இது தெனமும் வர்றதுதாங்க்கா. புதுசா ஒண்ணுமில்ல” என்றாள்.

நாலாவது முறைதான் தப்பு நடந்தது. மிஷினில் மாட்டியிருந்த சீப்பு கழன்று, முதுகில் ஒரு பட்டை ஆறு எம்.எம்முக்கு இறங்கிவிட்டது. ஒரு இடம் குறைந்தால் மற்ற இடத்தையும் அதற்குச் சமமாகக் குறைத்தால்தான் பார்க்க நாயாக இருக்கும். குறைத்தாள். பாதியிலேயே அவள் கை நின்று நின்று போனது. முடித்ததும் என்னைப் பார்க்காமல், “இனி நான் வரலைங்க்கா, எனக்கு ஈரோட்டுல ஒருத்தரப் பாக்கப் போகணும்” என்று வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மூன்று நாளில் எங்கள் வீதியில் ஒரு தம்பதி பிரிந்தது, பிரிந்திருந்த ஒரு தம்பதி சேர்ந்தது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எப்போதோ ஒரு மாணவனின் காதைக் கிழித்ததற்காக அவனைத் தேடிக்கொண்டு பஸ் ஏறினார். நான் பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் எனக்குத் தொண்டை வரை வந்து நின்றது என்ன என்று எனக்குத் தெரியும். ஆறு எம்.எம்முக்கே அது வாய்க்கு வந்துவிட்டது. மூன்றுக்கு வெளியே வந்தே தீரும்.

அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அம்மாவை நானும் என் அண்ணன் கிட்டுசாமியும் மாசம் மாறி மாசம் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அண்ணன் வீடு தாராபுரத்தில். ஒரு மாசம் நீ, ஒரு மாசம் நான் என்று பேசினோமே தவிர, எந்த மாசம் என்று இரண்டு பேரும் பேசவில்லை. அண்ணன் விவசாயம் பார்க்கிறவன், அவனுக்கு மாசம் என்றால் மாசி, பங்குனி. எனக்கு மாசம் என்றால் மில் ரிஜிஸ்டர், மார்ச், ஏப்ரல். அவன் மாசம் முடிகிற நாளுக்கும் என் மாசம் தொடங்குகிற நாளுக்கும் நடுவில் பதினைந்து நாளுக்கு மேல் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அந்த நாட்களில் அம்மா சித்தி வீட்டில் போய் இருந்தார். தங்கச்சி மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டோம். சித்தி செத்த பிறகுதான் அந்தப் பதினைந்து நாள் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அது உன் நாள் என்று நான் சொன்னேன், அது உன் நாள் என்று அவன் சொன்னான். சித்திரை ஒண்ணாம் தேதி அவன் காரைக் கொண்டுவந்து அம்மாவை அழைத்துப் போகிறபோது, என் ஏப்ரல் பாதிதானே முடிந்திருக்கிறது, மீதிப் பாதி நான்தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பையை எடுத்துக் காரில் வைத்தேன். ஊரான் நிமிடத்தை எல்லாம் எண்ணுகிறவள் அவன் பக்கம் போன அந்த நாட்களை மட்டும் எண்ணவில்லை.

பங்குனி ஒண்ணாம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு அண்ணன் அம்மாவையும் துணிப்பையையும் என் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போனான். பெல் இரண்டு முறை அடித்தது. நான் உள்ளேதான் இருந்தேன். கேட்டில் உள் பக்கமாகப் பூட்டுப் போட்டிருந்தேன். திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், அம்மா கேட்டுப் படியில் வெயிலில் உட்கார்ந்தார். திறந்தால் இந்தப் பதினைந்து நாளும் என் கணக்கில் வந்துவிடும், திறக்காவிட்டால் அவனுக்குப் போன் போகும், அவன் வந்து அழைத்துப் போவான் என்று நின்றேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் நின்றேன். டைம் ஆபீஸ் புத்தி, அதையும் பார்த்துவைத்தேன். அவன் வரவில்லை. அப்புறம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜில் இருந்த பூவை வைத்துக்கொண்டு, பின் கதவு வழியாகச் சந்தில் இறங்கிச் சுற்றி வந்து, “அய்யோ, எப்பங்மா வந்தீங்க, நான் கல்யாணத்துக்கல்ல போயிருந்தேன்” என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். காலில் பாத்ரூம் செருப்பு. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பதினோரு நாள் கழித்து அம்மா போய்விட்டார். நெஞ்சு வலி. வயசு எழுபத்தெட்டு. பூட்டின வீட்டு வாசலில் வெயிலில் விட்டுப் போனானே என்று சொந்தம் முழுக்க அண்ணனைக் காறித் துப்பியது. அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான். பந்தலில் மாமா அவனை எல்லார் முன்னாலும் ஏசினார், அவன் தலை குனிந்து நின்றான், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

ஆறு எம்.எம்முக்கு அப்புறம் நான் முடி வெட்டுகிறவர்களைத் தேர்ந்தெடுத்த விதமே வேறு. நன்றாக வெட்டுகிறவர் எனக்கு வேண்டாம், வெட்டாதவர் வேண்டும். பொள்ளாச்சியில் ஒருவர் கிடைத்தார், கத்தரிக்கோலால் நுனியை மட்டும் தட்டிவிடுவார், உருண்டையாக்கிக் கொடுப்பார். மிஷினைக் கையில் எடுத்தால், வேண்டாங்க, நீளமே இருக்கட்டும், அதுதான் அழகு என்பேன். பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன புசுபுசுவென்று இருக்கிறது என்றார்கள். வீதியும் நிம்மதியாக இருந்தது, பதின்மூன்றைப் பற்றி யாரும் நினைவுபடுத்தவில்லை. நான் வாரம் ஒரு முறை குளிப்பாட்டி மேல் முடியை மட்டும் சீவினேன். அடியில் சீப்பு போகவில்லை. போகாத இடத்தில் நான் அழுத்தவில்லை.

ஒரு வருடம் அப்படி ஓட்டினேன். பிறகு ஜாங்கிரி குட்டி குட்டி அடியாக நடக்கத் தொடங்கியது. முன்னங்காலைத் தூக்க மாட்டாமல் படியில் நின்றது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா விரலை முடிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மேல மட்டும் சீவியிருக்கீங்க. அடியில ஒரே தட்டா கம்பளி மாதிரி ஒட்டிக் கெடக்குது. சீவாமத் தண்ணி ஊத்த ஊத்த அது இறுகும். கால் அசைக்கறப்பெல்லாம் தோல இழுக்குது. காதுக்குப் பின்னால புண்ணு, வாடை தெரியலையா உங்களுக்கு?”

தெரிந்தது. ஊதுவத்தி கொளுத்தினேன்.

“பதிமூணு, ஆறெல்லாம் இதுக்குள்ள நுழையாது. மூணு எம்.எம். தோலை ஒட்டி எடுத்தாத்தான் வரும். இந்த வாரத்துக்குள்ள எடுத்துருங்க” என்றார்.

பொதுக்குழு கூடியது. எல்லாரும் வந்திருந்தார்கள், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கனகசபாபதி எழுந்து, “மூணுன்னா எங்க போய் நிக்கும்னு என்னால அளக்க முடியாதுங்க. ஊரே தாங்காது. வேற மருந்து மாத்திரை ஏதாச்சும் இருந்தா…” என்று இழுத்தார். ஒருவர், நாய்தானே என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அனுமதி இல்லை என்று தீர்மானம் ஆயிற்று. நான் எழுந்து சண்டை போட்டிருக்க வேண்டும். என்னங்க பண்றது, சங்கத்து முடிவு என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லவே கூசுகிறது. மூன்று நாள் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நாலாம் நாள் காலை, காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஜாங்கிரி பின்னங்காலால் காதைச் சொறியப் போய், நகம் அந்தச் சிக்கில் மாட்டிக்கொண்டது. காலை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. கத்தவில்லை. மூன்று காலில் ஆடிக்கொண்டு, காதிலிருந்து கழுத்துப் பக்கமாக ரத்தம் இறங்க, என்னையே பார்த்தது. இந்த நாய் என்னைக் காப்பாற்றுவதற்காகவே இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, நகத்தை விடுவித்துவிட்டு, போனை எடுத்து, மூன்று வருடமாகக் கூப்பிடாத நம்பரைக் கூப்பிட்டேன்.

“அண்ணா, நாயைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்” என்றேன்.

இந்த நாயைப் பற்றித் தாராபுரத்தில் தெரியாதவர் யார்? “எத்தன எம்.எம். அம்மிணி?” என்று கேட்டான்.

“மூணு.”

“வர்றேன்” என்றான்.

வெட்டுகிறவர்கள் ஒருவரும் வர மாட்டார்கள் என்பதால் கடைவீதியில் நானே மிஷின் வாங்கிவந்தேன். அண்ணன் மதியம் வந்தான், தலை நரைத்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முன் அறையில் கோரைப்பாயில் உட்கார்ந்து, ஜாங்கிரியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். நான் கழுத்திலிருந்து தொடங்கினேன். பிளேடு சுடுகிறதா என்று என் மணிக்கட்டில் வைத்து வைத்துப் பார்த்தேன், தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட்டினேன். சிக்கு துண்டு துண்டாக வரவில்லை, கழற்றிப் போட்ட ஸ்வெட்டர் மாதிரி ஒரே தட்டாக உரிந்து வந்தது. அடியில் தோல் சிவந்து, வெந்து, அங்கங்கே ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதற்கு எந்த எம்.எம்மும் தேவைப்படவில்லை.

முதுகு முடிகிறபோது காது சுட்டது. வெளியே வீதியில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தம் கேட்டது, யாரோ ஓடினார்கள், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன, ஊர் முழுக்கப் பேச்சுச் சத்தம் ஒரு சந்தைபோல எழுந்தது. எங்களிடம் யாரும் வரவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது.

“அண்ணா, நான் அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போகலை” என்றேன். மிஷினை நிறுத்தவில்லை, நிறுத்தினால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். “உள்ளதான் இருந்தேன். திரைக்குப் பின்னால நின்னு பாத்துட்டு இருந்தேன். உங்களத்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன். பந்தல்ல மாமா உங்கள ஏசுனப்ப நானும் அங்கதான் நின்னேன்.”

அவன் ஜாங்கிரியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். அவன் காது இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

“தெரியும்” என்றான். “நானும் போகல அம்மிணி. டிரான்ஸ்பார்மர் பக்கம் காரை நிறுத்தி, ஏசியப் போட்டுட்டு, கண்ணாடிய ஏத்திட்டு உக்காந்திருந்தேன். திரை அசைஞ்சதப் பாத்தேன். நீ உள்ளதான் இருக்கறன்னு தெரிஞ்சுபோச்சு. நீயா தொறக்கட்டும்னு உக்காந்திருந்தேன். அம்மா தலைப்ப எடுத்துத் தலையில போட்டுக்கிச்சு. அப்பவும் உக்காந்திருந்தேன். நீ பட்டுச்சீல கட்டிட்டுச் சந்துல இருந்து வந்தபொறகுதான் வண்டிய எடுத்தேன். மாமா ஏசுனப்ப நான் என்னத்தன்னு சொல்றது?”

மிஷின் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். அந்த ஒரு மணி நேரம் பத்து நிமிடமும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், இந்தப் பக்கம் முப்பது அடி, அந்தப் பக்கம் நூறு அடி தூரத்தில், அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். கார் திரும்பிப் போகிற சத்தம் கேட்கவில்லையே.

அண்ணன் கேட்டான். “பெல்லு ரெண்டு வாட்டிதான் அடிச்சுது. அப்பறம் கேட்டுக் கம்பிக்கிட்ட மொகத்த வெச்சு என்னமோ சொல்லுச்சு. வாய் அசைஞ்சது தெரிஞ்சுது, எனக்குக் கேக்கல. மூணு வருசமா அதையேதான் நெனச்சுட்டு இருக்கறன். என்னயக் கூப்புட்டுதா, உன்னயவா? என்ன அம்மிணி சொல்லுச்சு?”

இதுதான் மூன்று எம்.எம். இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் ஆறிலேயே வந்துவிட்டது. இதை நான் பாத்ரூமுக்குள் துண்டைக் கடித்துக்கொண்டு இருந்தபோதுகூட எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

“உங்களையும் கூப்பிடலை, என்னையும் கூப்பிடலை. நம்ம பேரைச் சொன்னா நாம உள்ள இருந்துட்டே வரலைன்னு ஆயிருமில்ல, அந்தக் கேவலம் நமக்கு வேண்டாம்னு…” மிஷினைப் பாயில் வைத்தேன். “நாயைக் கூப்பிட்டாங்க அண்ணா. அது குரைச்சா, சத்தம் கேட்டு அப்பத்தான் எந்திரிச்சு வந்தமாதிரி நான் வந்து தொறந்துக்கலாம்னு. எனக்கு வழி பண்ணிக் குடுத்தாங்க. இது குரைக்கறதுக்கு வாயைத் தொறந்துச்சு. நான் ரெண்டு கையாலயும் இதோட வாயைப் பிடிச்சுட்டேன். அம்மா கூப்பிடறத நிறுத்திப் படியில உக்கார்ற வரைக்கும் விடலை.”

“எப்படிக் கூப்புட்டுச்சு?” என்றான் அண்ணன், குழந்தை மாதிரி.

அம்மா கூப்பிட்ட மாதிரியே, மெல்லிய குரலில், கடைசி எழுத்தை நீட்டிச் சொன்னேன். “ஜாங்கிரீ…”

அண்ணன் மடியில் கிடந்த தலை நிமிர்ந்தது. முடியே இல்லாமல், சிவந்து, எலும்பு தெரிய, அது எழுந்து நின்றது. கட்டிலுக்கு அடியில் போகவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன் கதவைத் தாண்டி, வெயிலில் இறங்கி, கேட்டுக்குப் போய், கம்பிக்கு வெளியே காலியாகக் கிடந்த படியைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு, உள்ளே யாரையோ எழுப்புகிற மாதிரி குரைக்கத் தொடங்கியது. வீதியில் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று கேட்டார்கள். அது நிறுத்தவில்லை.

“போய்த் தொற அம்மிணி” என்றான் அண்ணன்.

நான் போய்க் கேட்டைத் திறந்தேன்.